பின்சீட்டில் மழை பெய்வதில்லை

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மழைக்கோட்டு உண்டு. மனிதர்கள் போடுகிற கோட்டைச் சொல்லவில்லை. வண்டிக்கே போர்த்துகிற கோட்டு, வெள்ளி நிறத்தில், ஓரமெல்லாம் எலாஸ்டிக் வைத்துத் தைத்தது. சீட்டுக்குத் தனியாக ஓர் உறை. என் கணவருடைய செல்போனுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை. அவருடைய ஆபீஸ் பைக்கு ஒன்று, சாப்பாட்டுப் பைக்கு இன்னொன்று. அவருக்கும் பழைய மழைக்கோட்டு ஒன்று இருந்தது. ஆக, மழை வந்தால் அந்த வண்டியில் நனைவதற்கு மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். எனக்கென்று ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். தலையில் கவிழ்த்துக்கொள்ள ஒரு ஜவுளிக்கடைப் பையை மடித்து வண்டியிலேயே வைத்திருந்தார்.

நாங்கள் இருப்பது ராசிபுரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டில். கணவருக்குச் சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. சீலநாயக்கன்பட்டி தாண்டி, அவர் போகும் வழியிலேயே ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. காலையில் ஒரே வண்டியில் கிளம்புவோம். ஆண்டகளூர் கேட், மல்லூர் என்று போய் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு அவர் ஊருக்குள் போவார். எட்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

நான் ஆத்தூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் சுடிதார் போட்டுக்கொண்டு அண்ணனுடைய மோட்டார் சைக்கிளை ரைஸ்மில்லுக்கும் மார்க்கெட்டுக்கும் நானே ஓட்டிப் போனவள். லைசென்ஸும் இருக்கிறது. ஆனால் எங்கள் பள்ளியில் ஆசிரியைகள் புடவைதான் கட்ட வேண்டும். புடவையைக் கட்டிக்கொண்டு கியர் வண்டியில் ஏற முடியாது. அதனால் இங்கே வந்த நாளிலிருந்து நான் பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகிறவள் ஆனேன். ஒரு கை அவர் தோளில், மழை நாளில் இன்னொரு கை தலையிலிருக்கும் ஜவுளிக்கடைப் பையில். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் முழுசாக நனையும், மறு பக்கம் பாதி நனையும்.

இதைச் சொன்னால் அவர் ஒரே பதிலை வைத்திருந்தார்.

"என்ற முதுகுக்குப் பொறத்தாலதான இருக்கற அம்மிணி, உனக்கெங்க நனையுது?"

முதல் வருஷம் இதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தேன். இரண்டாம் வருஷம்தான் அவர் அதை நிஜமாகவே நம்புகிறார் என்று தெரிந்தது. மழை முன்னாலிருந்து வருகிறது, முன்னால் அவர் இருக்கிறார், ஆகவே பின்னால் மழை இல்லை. கணக்கு டீச்சரான எனக்கே இப்படி ஒரு நிரூபணம்.

ஆனால் பின்சீட்டில் உட்காருகிறவளுக்கு மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் வரும். சக்கரம் ரோட்டுத் தண்ணீரை வாரி இறைப்பதைத் தடுப்பதற்காகத்தான் வண்டி செய்கிறவர்கள் பின்பக்கம் நீளமாக ஒரு கறுப்பு மட்கார்டு வைத்துக் கொடுக்கிறார்கள். என் கணவர் புது வண்டி வந்த வாரமே அதைக் கழற்றிவிட்டார். அது இருந்தால் வண்டி கிழட்டு வண்டி மாதிரித் தெரிகிறதாம். அதன்பிறகு வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சேவல் மாதிரி இருந்தது, அந்த அழகை ரோட்டில் போகிற யாரும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. வாலுக்குக் கீழே சக்கரம் திறந்து கிடந்தது. மழை பெய்த ரோட்டில் அது வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீர் நேராக என் முதுகுக்கு வந்தது. மட்கார்டைத் திரும்ப மாட்டுங்கள் என்று சொல்லும்போதெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். எட்டு வருஷம் பார்த்தார்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டு ரோடு மட்டும் ஈரமாக இருந்தது. நனையவில்லை என்ற சந்தோஷத்தோடு நேராகப் பதினோராம் வகுப்புக்குள் போனேன். பையன்களும் பெண்களும் கலந்த வகுப்பு. கணக்கு டீச்சருக்கு ஒரு தலைவிதி உண்டு, பாடம் நடத்த வேண்டுமானால் முதுகைக் காட்டியே ஆக வேண்டும். நான் போர்டில் எழுத எழுதப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுபடி எழுதினால் மறுபடி சிரிப்பு. பெல் அடித்த பிறகு முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தாள்.

"மிஸ், முதுகுல சேறு மிஸ். கீழருந்து மேல வரைக்கும் இருக்கு."

பாத்ரூமுக்குப் போய் முந்தானையை முன்னால் இழுத்துப் பார்த்தேன். இடுப்பிலிருந்து கழுத்து வரை, யாரோ அளவெடுத்து இழுத்த மாதிரி ஒரு சேற்றுக் கோடு. கழுவினால் புடவை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும், கழுவாவிட்டால் கோடு இருக்கும். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. மிச்ச நாள் முழுவதும் முந்தானையின் சேறு படாத பக்கத்தை வெளியே திருப்பி முதுகைப் போர்த்திக்கொண்டு பாடம் எடுத்தேன்.

அன்று மதியம் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அவர் காரில் வருகிறவர்.

"பன்னெண்டாவதுக்குக் கணக்கு எடுக்கிற மேடம் கார்த்திகையில பிரசவத்துக்குப் போறாங்க. அந்த இடத்துக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். தாளாளர் ஒரு நாள் காலையில முதல் பீரியட் உங்க வகுப்புல வந்து உக்காருவார். நேரத்துக்கு வரணும், நீட்டா வரணும். இந்தக் கோலத்துல வந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பேச முடியாது" என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பு என்பது எங்கள் பள்ளியில் பெரிய விஷயம். அங்கே போனவரை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். ஆறாம் வகுப்புப் பின்னத்தில் ஆரம்பித்து வருஷா வருஷம் ஒவ்வொரு படியாக ஏறிப் பதினொன்று வரை வந்தவள் நான். அந்த வகுப்பு எனக்கு வேண்டும். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது புது அறிவு ஒன்றுமில்லை, காய்ந்த முதுகு ஒன்று. வீட்டுக்குப் போகும் வழியிலேயே எனக்கு ஒரு மழைக்கோட்டு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"எனக்கே புதுசா ஒண்ணு வாங்கோணும்னுதான் பாத்துட்டிருக்கறேன்" என்றார் அவர்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது செல்போனில். ராத்திரிச் சாப்பாட்டின்போது, தாடி வைத்த ஆட்கள் பனிமலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி நனைந்து, எந்தக் கோட்டுக்குள் எத்தனை சொட்டு இறங்கியது என்று விளக்கும் வீடியோக்களை ஒரு மாசமாகப் பார்த்து வந்தார். இமயமலைக்கு எந்தக் கோட்டு சரிப்படும் என்பது அவருக்குக் கரதலப்பாடம். அவர் போவதோ ஆண்டகளூர் கேட்டிலிருந்து சேலம் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சேலம் கடைவீதிக்குப் போனோம். கேட்டவள் நான். கடைக்காரர் என்னைத் தாண்டி அவரைப் பார்த்தார்.

"சாருக்கு என்ன சைஸுங்க?"

கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்து விரித்தார். அந்தக் கடையில் எல்லாமே மிலிட்டரித் துணிதான். இவ்வளவு துணியும் இங்கே இருந்தால் மிலிட்டரியில் என்ன போட்டுக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. கடைக்காரர் கோட்டின் முதுகைக் கிண்ணம் மாதிரிக் குழித்து, பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றி, அடியில் கையை வைத்துக் காட்டினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. என் கணவர் ஏதோ அதிசயத்தைப் பார்த்த மாதிரி தலையை ஆட்டினார்.

"ஜிப்பு மேல ஊத்துங்க" என்றேன் நான்.

"ஜிப்புல யாருங்க மேடம் தண்ணி ஊத்துவாங்க?"

"மழைதான்."

கடைக்காரர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். என் கணவரும் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். உலகத்தில் எந்தக் கோட்டும் முதுகில் குழியாகத் தேங்கி நனைந்ததில்லை. ஜிப்பிலும் தையலிலும் கழுத்திலும்தான் தண்ணீர் இறங்கும். இது துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைகளில் முதுகில்தான் ஊற்றிக் காட்டுவார்கள், வாங்குகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். என் கணவர் அந்தக் கறுப்பையே எடுத்தார். கறுப்பில் அழுக்குத் தெரியாது என்றார். ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்தார், துவைத்தால் சுருங்கும் என்றார். போட்டுக் காட்டியபோது கைகள் விரல் நுனி வரை தொங்கின, கழுத்தில் இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது. அருமையாக இருக்கிறது என்றார் கடைக்காரர்.

பிறகு எனக்கு என்று ஒன்றை எடுத்துப் போட்டார். லேடீஸ் மாடலாம். இளஞ்சிவப்பு நிறம், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு, பூப்போட்டது. பேண்ட், கை ஒன்றும் கிடையாது, தலையிலிருந்து முழங்கால் வரை குடை மாதிரி விரிகிற ஒரே துணி.

"இது காத்துல பறந்து செயின்ல மாட்டாதா?" என்று கேட்டேன்.

"சுருட்டி மடியில வெச்சுக்குங்க மேடம்."

ஒரு கை தோளைப் பிடிக்க, ஒரு கை தலைத்துணியைப் பிடிக்க, மடியில் சுருட்டிப் பிடிக்க மூன்றாவது கையை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஆண்கள் அலமாரியில் கைவிட்டு, சின்ன சைஸில், கோட்டும் பேண்ட்டும் சேர்ந்த மஞ்சள் நிற ஜோடி ஒன்றை இழுத்தேன். நெஞ்சிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை. ஜிப்புக்கு மேலே ஒரு மடிப்பும் அதை ஒட்டுகிற பட்டையும் இருந்தன. கழுத்து இறுக்கமாக இருந்தது.

"ஹைவேஸ்ல குழி மூடறவங்க போடறதாட்ட இருக்குது அம்மிணி. பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றார் கணவர்.

"லாரிக்காரன் பாத்துச் சிரிக்கட்டும். பாத்தாத்தானே பிரேக் போடுவான்."

"மேடம் புடவை கட்டறவங்க. பேண்ட் எதுக்குங்க?" என்றார் கடைக்காரர், அவரிடம்.

நான் பேண்ட்டையும் சேர்த்தே வாங்கினேன். வீட்டுக்கு வரும் வரை என் கணவர், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மஞ்சள் துணி வெளியே தெரியாமல் பையை முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

வீட்டில் வேறொரு வழக்கு காத்திருந்தது. எங்கள் தோட்டத்தில் பாதி மானாவாரி. அந்த நேரம் சோளம் கதிர் வாங்கி, இன்னும் ஒரு மழைக்கு நின்றுகொண்டிருந்தது. வாசல் ஆணியில் இரண்டு கோட்டையும் மாட்டியதும் என் மாமியார் மாட்டுக்கொட்டகையிலிருந்து வேகமாக வந்தார்.

"மழைய எதிர்பாத்து நிக்கற நேரத்துல கோட்டு வாங்கியாந்து மாட்டுனா, வானம் என்னன்னு நெனைக்கும் சாமி? உள்ள கொண்டு போயி வெய்யி. கெழக்கால பாக்கற எடத்துல தொங்க உடாத" என்றார்.

மழைக்கு முன்னாலேயே மழைக்கோட்டை எடுத்தால் மழை கோபித்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களின் உறுதியான எண்ணம். கேலி செய்துகொண்டே உள்ளே எடுத்து வைத்தேன். அன்றிலிருந்து மழை நின்றது. உண்மையாகவே நின்றது. காலையில் மேகம் கட்டும், மதியம் கலையும். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பால் ஊற்றிவிட்டுப் போகிற வழியில் நின்று, "உங்க மருமவ கோட்டு வாங்குச்சாமா?" என்று மாமியாரிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள். கடலில் புறப்பட்டு, ஆத்தூரைத் தாண்டி, கொல்லிமலைவரை வந்த மேகம், எங்கள் வீட்டு ஆணியில் ஒரு நிமிஷம் தொங்கிய சின்ன சைஸ் மஞ்சள் கோட்டு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. அதே ஆணியில் அவருடைய கறுப்புக் கோட்டும் தொங்கியது. அதை வானம் கண்டுகொள்ளவில்லை போலிருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

இத்தனைக்கும் மழை தூறினால் மாமியாரே உரச்சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டுதான் பால் கறக்கப் போவார்.

"அது மட்டும் வானத்துக்குத் தெரியாதா அத்தை?" என்று கேட்டேன்.

"அது சாக்கு சாமி. சாக்க ஒண்ணுஞ் சொல்லாது."

இதற்குமேல் என்ன வாதாட. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் என் கோட்டைக் காணவில்லை. மாமியார் அதைக் காலி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, மூடியின் மேல் ஆட்டுக்கல்லின் குழவியையும் வைத்திருந்தார். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மாமியார் டிரம்மை ஒரு பார்வை பார்த்தார்.

மழை பிடித்த பிறகுதான் நிஜமான சங்கடம் வந்தது. பேண்ட்டைப் புடவைமேல் போட முடியாது. பேண்ட் போட்டால் ஒரு பக்கமாக உட்காரவும் முடியாது, வழுக்கும். அதனால் நான் ஒரு முடிவு செய்தேன். சுடிதார், அதன்மேல் மஞ்சள் ஜோடி. புடவையை மடித்து இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துப் பையில் எடுத்துக்கொள்வது, பள்ளியில் போய்க் கட்டிக்கொள்வது. முதல் நாள் அப்படி வாசலுக்கு வந்தபோது மாமியார் மேலும் கீழும் பார்த்தார்.

"சீலை எங்க?"

"பையில இருக்கு அத்தை."

"ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காந்தா போற?"

"ஆமா அத்தை."

"நாலு பேரு பாப்பாங்க சாமி."

"பாக்கட்டும். போன மாசம் ஒரு வகுப்பே என் முதுகைப் பாத்துச்சு."

என் கணவர் எதிலும் தலையிடாமல் வண்டியின் மழைக்கோட்டைப் பத்திரமாக மடித்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் தூறல் நாள்கள்தான் வந்தன. முதுகில் சேறு அடித்தது, ஆனால் மஞ்சள் துணியோடு நின்றது. பள்ளியில் துணியை உதறிக் கழற்றினால் உள்ளே காய்ந்த மனுஷியாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை வார்த்தையில் சொல்வது கஷ்டம். வெயில்காலத்தில் நிழல் கிடைத்த மாதிரி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

தாளாளர் வருவதாகச் சொன்ன நாள் விடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நேரத்தோடு கிளம்பினோம். மல்லூர் தாண்டியதும் ரோடே தெரியவில்லை. பனமரத்துப்பட்டி பிரிவு வருவதற்குள் அவர் மூன்று முறை ஓரம் கட்டி ஹெல்மெட்டைத் துடைத்தார். எப்படியோ சீலநாயக்கன்பட்டி மேம்பாலம் வந்தது. மேலே ஏற வேண்டிய அவசியம் இல்லை, பக்கத்து ரோட்டில் போனால் பள்ளி. அவர் வண்டியைப் பாலத்துக்கு அடியில் விட்டு எஞ்சினை அணைத்தார்.

பாலத்துக்கு அடியில் ஒரு கூட்டமே நின்றது. மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் கறுப்பு, கருநீலம், சாம்பல் என்று விதவிதமான மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டு, மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாசக்கணக்கில் ஆராய்ந்து, பேரம் பேசி, பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்கிய கோட்டுகள். மழை வந்ததும் அவை நனையாமல் இருக்கப் பாலத்தைத் தேடி வந்திருக்கிறார்கள். இத்தனை முட்டாள்தனத்தை ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கொஞ்சம் உடட்டும் அம்மிணி" என்றார் கணவர்.

"கோட்டுதான் போட்டிருக்கீங்களே."

"இந்த மழைக்கெல்லாம் கோட்டு தாங்குமா?"

பக்கத்தில் நின்றவர் அவருக்குத் துணைக்கு வந்தார். "ஆமாங்க. இதுல போனா கோட்டு வீணாப் போயிருமுங்க" என்றார், என்னவோ பட்டு வேட்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

முதல் பெல்லுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போதைக்கு நிற்கிற மழை இல்லை அது. நான் போகாவிட்டால் என் வகுப்பில் தாளாளர் வந்து உட்கார்ந்து காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவார். அந்த இடத்துக்கு இன்னொரு பேர் போகும். ஆறாம் வகுப்பிலிருந்து ஏறி வந்ததெல்லாம் என் கண்முன்னே நின்றது.

"சாவியைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான் ஓட்டறேன். நீங்க வேணும்னா மழை விட்டதும் பஸ்ஸுல வாங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். என்னைத் தனியாக மழையில் அனுப்பலாமா என்று யோசித்தார் என்று சொன்னால் நன்றாக இருக்கும். வண்டியைத் தனியாக என்னோடு அனுப்பலாமா என்றுதான் யோசித்தார். கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் அந்த இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பாலத்தடியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கழுத்து உறையிலிருந்து செல்போனைக்கூட வெளியே எடுத்தார்.

காலைப் போட்டு ஏறினேன். ஆத்தூரில் விட்ட இடத்திலிருந்து கைக்கும் காலுக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது. மெதுவாகத்தான் போனேன். லாரிகள் மஞ்சளைத் தூரத்திலேயே பார்த்து ஒதுங்கிக் கொடுத்தன. ரோடெங்கும் தண்ணீர் தேங்கியிருந்தது, ஒதுங்கிப் போக இடமில்லாத இடத்தில் அதற்குள்ளேயே விட்டேன். பின்னால் அவர் முதலில், "கிளட்சு, கிளட்சு" என்றார். அப்புறம் "பாத்து, பாத்து" என்றார். அதற்குப் பிறகு இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளி வாசலில், நுழைவுக் கூரைக்கு அடியில் நிறுத்தினேன். இறங்கி, ஜிப்பை இறக்கி, மஞ்சள் கோட்டைக் கழற்றி உதறினேன். சுடிதார் காய்ந்திருந்தது. பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன், புடவையும் காய்ந்திருந்தது. பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டின் முதுகில் அடியிலிருந்து தலை வரைக்கும் சேறு. கறுப்பில் அழுக்குத் தெரியாது என்பது பொய். ஒரு சைஸ் பெரிய கழுத்து வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே இறங்கி, சட்டை முழுவதும் தெப்பலாக நனைந்து, பேண்ட் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைக் கோட்டுக்குள் விட்டுத் தன் முதுகைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

"ஏ அம்மிணி, பொறத்தால உக்காந்தா இத்தன தண்ணியா அடிக்கும்?"

"என் முதுகுக்குப் பின்னாடிதானே இருந்தீங்க. உங்களுக்கு எங்க நனைஞ்சுது?" என்றேன்.

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஆய்வகத்துப் பக்கத்து அறையில் புடவையைக் கட்டிக்கொண்டு, பெல் அடிக்கிற நேரத்துக்கு வகுப்புக்குள் நுழைந்தேன். தாளாளர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் போர்டுப் பக்கம் திரும்பி எழுதினேன், நிதானமாக எழுதினேன், தேவைக்கு மேலேயே எழுதினேன். என் சாக்பீஸ் சத்தத்தைத் தவிர வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு எனக்குத்தான் வந்தது.

அது தெரிவதற்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. ஆனால் அன்று சாயங்காலமே எனக்கு வேறொன்று தெரிந்துவிட்டது. மழை விட்டு, ரோடு மட்டும் ஈரமாக இருந்தது. அவர் வழக்கமான இடத்தில் வண்டியோடு நின்றார், வேறு சட்டையில், இரண்டு தும்மல் தும்மிக்கொண்டு. பக்கத்தில் போனபோதுதான் பார்த்தேன். வண்டியின் பின்னால் புத்தம்புது மட்கார்டு, கறுப்பாக, நீளமாக, தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாட்டீட்டேன்" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

எட்டு வருஷமாக என் முதுகு கேட்டுக் கிடைக்காத மட்கார்டு அது. அவருடைய முதுகு ஒரு நாள் காலையில் கேட்டது, சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது.